மூன்று குறிகள் மட்டும் தெரிந்த பென்பூய்

பென்பூய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று குறிகளை மட்டும் நாற்பது முழத் தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாணல் இதழ், காய்கள் அடுக்கிய ஓர் ஆட்டப்பலகை, அதன் கீழே நெளிநெளியாக ஒரு நீரலை. மூன்றும் சேர்ந்தால் அமுன். எங்கள் வாசெத் நகரத்தின் சாமி, மற்ற சாமிகளுக்கெல்லாம் ராஜா. எவ்வளவு பெரிய சுவராக இருந்தாலும், எத்தனை நெருக்கமாகக் குறிகள் அடர்ந்திருந்தாலும், சந்தைக் கூட்டத்தில் தன் கழுதையை அடையாளம் கண்டவர் மாதிரி விரலை நீட்டிவிடுவார்.

பெரிய மனிதர்களின் கதையை அவர்கள் கல்லறைச் சுவரே சொல்லிவிடும். பென்பூய்க்குச் சுவர் கிடையாது. இந்த வருஷ வெள்ளம் வருவதற்கு முன்னால் கல்தூசி இருமலில் போய்ச் சேர்ந்தார். அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வெங்காய வயலுக்குத் தண்ணீர் இறைத்தவர்கள்தான். முதன்முதலில் நாணல் பேனா பிடித்தவன் நான். எழுநூறு குறிகள் எனக்குத் தெரியும். அந்த எழுநூறும் பென்பூய்க்கு ஒன்றுக்கும் உதவவில்லை என்பதையும் நானே எழுதிவிடுவதுதான் முறை.

நைலின் மேற்குக் கரையில், மலையிடுக்கில் இருக்கிற கல்தச்சர்களின் ஊர் அவருடையது. அரசர்களின் கல்லறைகளைக் குடைகிற ஊர். பதினான்கு வருஷ வெள்ளங்களுக்கு முன்னால் அவர் தெற்கே மணற்கல் குவாரியில் இருந்தார். அங்கிருந்து ஊருக்குப் படகில் ஆறு நாள். கர்ப்பமாக இருந்த மனைவி துய்யை விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்தபோது வீட்டில் ஆட்டுக்கல் மட்டும் இருந்தது. துய் பிரசவத்தில் இறந்திருந்தாள். பெண் குழந்தை, அது மூன்று நாள் இருந்துவிட்டு அம்மாவின் பின்னாலேயே போய்விட்டது.

எங்கள் வழக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பது அப்பன் இல்லை. பெற்றவள்தான், பெறுகிற நேரத்திலேயே, வலியோடு வலியாக வாயில் வருகிற பெயரைக் கத்திச் சொல்வாள். துய்யும் சொல்லியிருந்தாள். அதை அவளுடைய அண்ணன் நெப்ரே ஒரு முழ உயரச் சுண்ணக்கல்லில் வெட்டி, ஊருக்கு மேலே மலைச்சரிவில், செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற அவர்களுடைய மாடத்தில் பதித்துவைத்தான். மேல் வரியில் துய். கீழ் வரியில் குழந்தை. வெட்டி முடித்த கையோடு அவனை வடக்கே புதுத் தலைநகரத்து வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே காய்ச்சலில் செத்தான் என்று பிறகு சேதி வந்தது.

பென்பூய் படகிலிருந்து இறங்கிய அதே வாரத்தில்தான் அரசரின் கட்டளையும் இறங்கியது. சூரிய வட்டத்தைத் தவிர வேறு சாமி இல்லை. அமுன் என்ற பெயர் கல்லில் இருக்கக் கூடாது, மரத்தில் இருக்கக் கூடாது, வாயில் இருக்கக் கூடாது.

பிரசவத்தின்போது துய்யின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தது பக்கத்து வீட்டுத் தகாரு அக்கா. பென்பூய் அவளிடம்தான் போய்க் கேட்டிருக்கிறார். அவர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"'எம்புள்ளைக்கு என்ன பேருக்கா வச்சா?'ன்னு கேட்டேன். அவ என் வாயைப் பொத்துறா. நான் கேக்குறேன், அவ எதுக்கு என் வாயைப் பொத்தணும்? 'அந்தப் பேருக்குள்ள அந்தச் சாமி இருக்குடா தம்பி, கேக்காத'ங்குறா. 'காதுக்குள்ள மட்டும் சொல்லுக்கா'ன்னேன். 'காதுக்குள்ள போனா ஒருநாள் வாய்வழியா வெளிய வரும். உன்னையும் பிடிச்சுட்டுப் போவாங்க, என்னையும் பிடிச்சுட்டுப் போவாங்க. கொஞ்சநாள் பொறு. ராஜாவுக்கும் சாவு உண்டு'ன்னா. பொறுத்தேன் எழுத்தய்யா."

பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிற வரைக்கும்தான் செத்தவர்களுக்கு ரொட்டி. பெயர் இல்லாதவருக்கு யார் எதை வைத்தாலும் போய்ச் சேராது. தன் மகளை மாடத்துக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் பென்பூய்க்கு மிச்சமிருந்த ஆசை. அதற்கு அந்தக் கல்லில் இருந்த பெயர் வேண்டும்.

ஆனால் அவருக்குக் கிடைத்த வேலையோ பெயர் அழிக்கிற வேலை. மூன்று குறிகளையும் ஓர் ஓட்டுத்துண்டில் வரைந்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்கள். இது இருக்கிற இடத்தில் எல்லாம் அடி என்றார்கள். இருபது பேர் கும்பலில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் அதற்கு ஆக மாட்டார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியும். கோயில் சுவர், தூண், கல்லறை, கதவுநிலை, எல்லாவற்றிலும் உளித் தலையில் விழுகிற கொட்டாப்புளிச் சத்தம்தான். அமுனுக்கு உகந்த பறவை என்பதால் படத்தில் இருந்த வாத்துகளுக்குக்கூட அடி விழுந்தது. ஹாய் என்று ஒருத்தன், செத்துப்போன ஒரு பெரிய மனிதர் தன் மனைவியோடு காய் நகர்த்தி விளையாடுகிற படத்தில் இருந்த ஆட்டப்பலகையையும் கொத்தி எடுத்துவிட்டானாம்.

"'அதென்னடா, விளையாடுற பலகையக்கூட விடலையா?'ன்னு கண்காணி கத்துறான். 'பலகை மாதிரி தெரிஞ்சுதுங்க'ங்குறான் இவன். 'பலகைதான்டா அது, மண்டைக்குள்ள மணல் அள்ளிப் போட்டவனே!' நாங்க சிரிச்ச சிரிப்புல ஏணியே ஆடுச்சு" என்று சொல்லிவிட்டு பென்பூய் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சாமி பேரை அடிக்கிறப்ப எனக்கு ஒண்ணும் பெருசாத் தோணலை. அவர் சாமி, பாத்துக்குவாரு. ஆனா பாதிச் சனத்துக்கு அவர் பேரைச் சேத்துத்தானே பேரே வச்சிருக்காங்க. அதுல அடிக்கிறப்ப, பந்தியில உக்காந்திருந்த ஒருத்தர் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தர்."

ஊர் மாடங்களுக்கும் கும்பல் வரப்போகிறது என்று தெரிந்த அன்று, எல்லோரும் கண்ணயர்ந்த உச்சிவெயிலில், பென்பூய் மாடத்துக்கு ஏறினார். தன் மகளின் வரியில் அந்த மூன்று குறிகளும் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கப்பால் இருந்த குறிகள் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கல் முழுவதையும் வெள்ளைச் சாந்து பூசி மூடினார். மேலே கொஞ்சம் மண்ணையும் தடவி, பழைய சுவர் போல ஆக்கினார். கும்பல் வந்தது, பார்த்தது, போனது. அந்தக் கும்பலில் பென்பூயும் இருந்தார்.

சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. அந்த ஊரில் கிணறு இல்லை. ஆற்றுத் தண்ணீர் கழுதையின் மேல் வருகிறது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளவு. கூடுதலாக ஒரு குடம் கேட்டால், எதற்கு என்று தண்ணீர்க்காரன் ஊரைக் கூட்டிவிடுவான். அதனால் பென்பூய் பள்ளத்தில் கழுதைகளுக்குக் காட்டுகிற குழியிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு வந்தார். எந்தக் கல்தச்சனும் செய்யாத காரியம். உப்புத் தண்ணீரில் குழைத்த சாந்து சுண்ணக்கல்லின் தோலை உள்ளேயிருந்து தின்றுவிடும் என்று பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவருக்கும் தெரியும். "கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்ச நாள் பன்னிரண்டு வருஷமானது.

அந்த அரசர் இறந்தார். பிறகு வந்தவர்கள் அமுனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அழித்த இடத்தில் எல்லாம் பெயரை மறுபடி வெட்ட வேண்டும் என்று கட்டளை. எங்கே எங்கே அழிந்திருக்கிறது என்று பட்டியல் எடுக்க, கோயில் எழுத்துப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த என்னை மேற்குக் கரைக்கு அனுப்பினார்கள். மறுவெட்டுக் கும்பலின் கண்காணி பாஸெர். கும்பலில் பாதி ஆட்கள் பழைய அழிப்புக் கும்பலில் இருந்தவர்கள்தான். கையில் அதே உளி.

பென்பூய் எனக்குப் பழக்கமானது அங்கேதான். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். நான் சுவரில் தேடிக்கொண்டிருப்பேன். அவர் பின்னால் நின்று, "எழுத்தய்யா, இடதுபக்கம், முழங்கை உசரத்துல ஒண்ணு. நான் அடிச்சதுதான்" என்பார். சரியாக இருக்கும்.

"எப்படிண்ணே ஞாபகம் இருக்கு?"

"திருடுனவனுக்குத் திருடின வீடு மறக்குமா? நீங்க என்னத்தையோ எழுநூறு குறி படிச்சேங்கிறீங்க. நான் மூணுதான் படிச்சேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சுவத்துலதான் வேலை. உங்கப்பாருகிட்ட சொல்லிராதீங்க, மனசு விட்டுருவாரு."

கும்பல் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அன்று மதியம் தன் ரொட்டியையும் காய்ந்த மீனையும் என்னோடு பங்கிட்டுக்கொண்டவர் அவர்தான். அன்றுதான் மாடத்தையும் மகளையும் பற்றிச் சொன்னார்.

"பள்ளத்தாக்குத் திருவிழா வருதில்ல. பன்னெண்டு வருஷம் கழிச்சு அமுன் படகு ஏறி இந்தக் கரைக்கு வராரு. ஊரே ரொட்டியும் பூவும் எடுத்துக்கிட்டு மாடத்துக்குப் போயி அவங்கவங்க ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். நானும் கூப்பிடணும். அதுக்கு முந்தின நாளு வந்து வாசிச்சுக் குடுப்பீங்களா?"

வாசித்துக் கொடுப்பதற்கு என்ன? எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வருகிறேன் என்றேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் பிற்பகல் மூன்று பேரும் ஏறினோம். தகாரு அக்காவுக்கு அதற்குள் வயதாகிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஏறுவதற்கு முன்பே பென்பூய் அவளிடம் கேட்டிருந்தார். கல்லில் இருக்கிறதே, எழுத்தய்யாவே வாசிக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். பென்பூய் குளித்து, வெளுத்த துணி கட்டியிருந்தார். வழி முழுக்க ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். மாடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தோம்.

விரல் முட்டியால் சாந்தைத் தட்டினார். பொத்பொத்தென்று சத்தம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கல்தச்சனுக்கு அந்தச் சத்தத்தில் எல்லாமே தெரிந்துவிடும். இருந்தாலும் இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் அதே சத்தம்.

"காஞ்சிருக்கு. அவ்வளவுதான்" என்றாள் தகாரு அக்கா.

அவர் கல்லுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உளியை ஓரத்தில் வைத்து, கொட்டாப்புளியைத் தொட்டும் தொடாமலும் தட்டினார். சாந்து ஒரே பாளமாகக் கழன்று அவர் மடியில் விழுந்தது. அதன் உள்பக்கம் கல்லின் தோல் ஒட்டியிருந்தது. குறிகள் இருந்திருக்க வேண்டிய தோல். நான் குனிந்து ஊதினேன். அடுப்புச் சாம்பல் போலப் பறந்தது.

கல்லைப் பார்த்தோம். மேல் வரியில் ஒன்றுமே இல்லை, வெள்ளை உப்புதான் பூத்திருந்தது. கீழ் வரியின் தொடக்கத்தில் நாணல் இதழ், ஆட்டப்பலகை, நீரலை. மூன்றும் நேற்று வெட்டியதைப் போலத் துல்லியமாக நின்றன. நெப்ரே பக்திமான், சாமியின் பெயரை மட்டும் விரல் நகம் புதைகிற ஆழத்துக்கு வெட்டியிருக்கிறான். மற்றவற்றைக் கீறலாக விட்டிருக்கிறான். அந்த ஆழம் நின்றது, கீறல்கள் போய்விட்டன. ஒரே ஒரு பறவையின் கால் மட்டும், மணலில் பதிந்த சுவடு போல, கொஞ்சம் தள்ளி நின்றது.

"வாசிங்க எழுத்தய்யா."

"அமுன்."

"அதுதான் எனக்கே தெரியுமே. அதுக்கு மேல வாசிங்க."

நான் கல்லோடு கண்ணை ஒட்டினேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும் என்று அவருடைய துணியைத் திரைபோலப் பிடிக்கச் சொன்னேன். விரலால் தடவினேன். எங்கள் எழுத்தில் பறவைக் குறிகள் இருபதுக்கும் மேல். ஆந்தை, கழுகு, குஞ்சு, வாத்து, சிட்டுக்குருவி. கால்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சாமியின் பெயரை மரியாதைக்காக முதலில் எழுதிவிடுவார்கள். சொல்லும்போது அது முன்னால் வருமா பின்னால் வருமா என்பதுகூட இதை வைத்துத் தெரியாது.

"அக்கா, நீ சொல்லு. இப்பச் சொல்லலாம். இப்ப யாரும் பிடிக்க மாட்டாங்க" என்றார் பென்பூய்.

தகாரு அக்கா வாயைத் திறந்தாள். கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடியது.

"குட்டின்னு கூப்பிட்டோம். மூணு நாளும் குட்டி, குட்டின்னுதான்..."

"அது கொஞ்சுற பேருக்கா. அவ வச்ச பேரு."

"தெரியும்டா. காதுலதான் கேட்டேன். தூக்கத்துல உளறிருவேனோன்னு பயந்து பயந்து, மனசுக்குள்ள அது வர்றப்பல்லாம் நாக்கைக் கடிச்சேன். மறக்கணும்னே மறந்தேன்டா தம்பி. நல்லா மறந்துட்டேன்." நெற்றியில் அறைந்துகொண்டாள்.

நான் எனக்குத் தெரிந்த பெண் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மெரித்-அமுன்?"

"ஆமா! அதுதான்" என்றாள். உடனே, "இல்ல... இருக்கலாம்" என்றாள்.

"சத்-அமுன்?"

"அதுதான்டா, இதுதான் அது!"

"ஹெனுத்-அமுன்?"

"இதுவும்... இதுவும் கேட்ட மாதிரிதான்..."

"போதும். விடுங்க" என்றார் பென்பூய். அவள் அழுதாள். அவர் என் பக்கம் திரும்பினார். "எழுத்தய்யா, படிச்சவரு நீங்க. நீங்க சொல்லுங்க. எதுவா இருக்கும்?"

எழுத்துப் பள்ளியில் எங்களுக்கு முதல் நாளே முதுகில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியாததை வாசிக்காதே. நான் நல்ல மாணவன்.

"சொல்ல முடியாதுண்ணே. கால் மட்டும்தான் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். மடியில் கிடந்த பாளத்தைக் கீழே வைக்க மனமில்லாமல், இறங்குகிற வரைக்கும் ஏந்திக்கொண்டே வந்தார். ஊர் வாசலுக்கு வந்தபோது கையில் பொடிதான் இருந்தது.

மறுநாள் திருவிழா. ஆற்றைத் தாண்டி அமுனின் பொன் படகு வந்தது. மேளமும் தாளமும் மலையில் மோதித் திரும்பின. ஊரே மாடங்களில் நிறைந்திருந்தது. ரொட்டி, வாத்துக்கறி, பார்லிக் கள், தாமரைப்பூ. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லி, வா, சாப்பிடு என்று சத்தமாகக் கூப்பிட்டது. பன்னிரண்டு வருஷம் வாய்க்குள் வைத்திருந்த பெயர்கள். அழித்த பெயர்கள்கூட வந்தன. அவற்றில் எத்தனையோ பென்பூய் தானே அடித்து, தானே திரும்ப வெட்டிக் கொடுத்தவை.

அவர் இரண்டு ரொட்டி வைத்திருந்தார், ஒன்று பெரியது, ஒன்று கைக்குள் அடங்குகிற அளவு சின்னது.

"துய்! வந்து சாப்பிடு!" என்று கூப்பிட்டார். பெரிய ரொட்டியை வைத்தார். சின்னதைக் கையில் எடுத்தார். வாய் திறந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு, கல்லில் மிச்சமிருந்தது எதுவோ அதுவே வந்தது.

"அமுன்! அமுன்! வந்து சாப்பிடும்மா!"

திரும்பத் திரும்பக் கத்தினார். பக்கத்து மாடத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்குக் கடைசி வார்த்தைகள் மேளத்தில் கேட்கவில்லை. சாமி பெயர் மட்டும் கேட்டிருக்கிறது. "என்ன ஒரு பக்தி பாருங்க!" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். அவர்களும் கையை உயர்த்தி, "அமுன்! அமுன்!" என்று சேர்ந்துகொண்டார்கள். சரிவு முழுக்க அது பரவியது. நடுவே பென்பூயின் குரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.

மூன்று நாள் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. நான்காம் நாள் கொஞ்சம் அத்திப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

"அண்ணே, நல்லா யோசிச்சுப் பாத்தேன். அந்தக் கால் வாத்துக் கால். வாத்துக்குத்தான் விரல் அப்படி விரியும். 'சத்'னு எழுத வாத்துதான் போடுவோம். பேரு சத்-அமுன். சந்தேகமே இல்ல."

அவர் உளிக்கு முனை தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் எழுத்தய்யா. உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்." இரண்டு தட்டு தட்டினார். "இன்னிக்குப் பழத்தோட வந்து சொல்றீங்க. இரக்கப்பட்டுச் சொன்ன பேருக்கு எம்பொண்ணு எப்படித் திரும்பிப் பாப்பா?"

அத்திப்பழத்தை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டோம். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் சுவர் சுவராக அமுன் பெயரை வெட்டினார். அவர் வெட்டியதுதான் கும்பலிலேயே ஆழம்.

மாடங்களின் பட்டியலை முடித்த அன்று பாஸெர் என்னோடு மலைச்சரிவில் ஏறினார். பென்பூயின் மாடத்துக்கு முன்னால் நின்று, எட்டிப் பார்த்தார். நாணல் இதழ், பலகை, நீரலை.

"இது யாரு வீட்டுது? சாமி பேரு பொன்னாட்டம் இருக்கே. ஒரு கீறல் இல்ல. இங்க நமக்கு வேலையில்ல, எழுதிக்க."

என்னிடம் எழுநூறு குறிகள் இருந்தன. எழுதினேன்: 'கல்தச்சர் பென்பூய் வீட்டுப் பெயர்க்கல். அமுன் பெயர் முழுமையாக உள்ளது. பழுது ஏதுமில்லை.'